எரிச்சல் நின்ற கால்

ஹைதராபாத் அமீர்பேட்டில் மெட்ரோ ஏறும்போது லலிதா நான்காவது முறையாகப் பட்டு மாமிக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

சனத்நகர் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கும் லலிதா, வெளியே மூலிகை மாத்திரையும் விற்றாள். சர்க்கரை நோய்க்காரர்களின் ரத்தக்குழாயைக் காக்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். பதின்மூன்று பேர் வாங்கினார்கள். அன்று காலை பட்டுவிடமிருந்து வாட்ஸப்பில் குரல்பதிவு வந்திருந்தது. "கால் எரிச்சல் போயே போச்சுடி. இங்கிலீஷ் மருந்தை ரெண்டு மாசமா தொடறதில்லை."

அதிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. மருந்தை நிறுத்தலாமா என்று பட்டு முன்பே கேட்டிருந்தாள். வாடிக்கை போய்விடுமோ என்று, "உங்க இஷ்டம் மாமி" என்று சொல்லி வைத்திருந்தாள் லலிதா. மதியம் அரைநாள் லீவு போட்டுக் கிளம்பிவிட்டாள்.

கச்சிபௌலியில் ஆட்டோ நகரவில்லை. பாதியில் இறங்கி நடந்தாள், கடைசித் தெருவில் ஓடினாள்.

கதவைத் திறந்தது பட்டுதான். பாதுகாப்புத் துறை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகன் விஸ்வநாத் புனேயில் இருக்க, இங்கே தனியாக இருந்தாள்.

"போன் உள்ள சார்ஜ்ல இருக்கு. ஏன் இப்படி இரைக்கறது?"

"காலைக் காட்டுங்க மாமி."

"செருப்பு லேசா கடிச்சுது, அவ்வளவுதான்." பட்டு சாக்ஸைக் கழற்றினாள். வலது சுண்டுவிரல் கறுத்திருந்தது. நாற்றம் வந்தது.

"வலிக்கலையா?"

"துளிக்கூட இல்லை. உன் மாத்திரைதான்."

லலிதா விரலை அழுத்திப் பார்த்தாள். பட்டு காபி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹம்ஸினி பாதத்தில் கருவியை வைத்துக் கேட்டார். ரத்தம் ஓடும் சத்தம் மிக மெல்லியதாக வந்தது. எரிச்சல் குணமாகி நிற்கவில்லை, நரம்பு மரத்துவிட்டது என்று தெலுங்கில் சொன்னார். மருந்தை நிறுத்தச் சொன்னது யார் என்றும் கேட்டார்.

"நானாத்தான் நிறுத்தினேன்" என்றாள் பட்டு.

"என்கிட்ட கேட்டாங்க டாக்டர்" என்றாள் லலிதா. "நான் வேணாம்னு சொல்லல."

டாக்டர் திட்டவில்லை. மூலிகையில் நல்லது இருக்கலாம், ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் அது மருந்துக்கு மாற்று ஆகாது என்றார்.

மறுநாள் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை நீக்கினார்கள். விரலை எடுக்க வேண்டியதாயிற்று, பாதம் தப்பியது. விஸ்வநாத் வந்து சேர்ந்தபின் வெளியே வந்த லலிதா, மற்ற பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மூன்று பேர் மருந்தை நிறுத்தியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் உடனே டாக்டரிடம் போவதாகச் சொன்னார்கள். ரயில்வே காலனி ராமசுவாமி மட்டும், "நக்கோமா, டாக்டரெல்லாம் வேணாம், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று போனை வைத்துவிட்டார்.

கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த பட்டு, உள்ளே திரும்பிய அவளைப் பார்த்துச் சொன்னாள்: "நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்டி."

 

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லலிதா ராமசுவாமி வீட்டுக் கதவைத் தட்டினாள். "மாத்திரை விக்க வரல, சார்" என்றாள். "சாக்ஸைக் கழட்டுங்க. பார்த்துட்டுதான் போவேன்."