கட்டைவிரல் கனம்

“முட்டை ஓடுதான் மச்சான், வேற என்னன்னு சொல்றது? உங்க படகு மேல கை வச்சு அமுக்கினா உள்ள போயிட்டு வெளிய வருது.”

“வரட்டுமே மாப்ளே. விமானத்தோட இறக்கைகூடத்தான் ஆடுது. அதுக்காக அதை இரும்புலயா செய்யறாங்க?”

“விமானம் பாறை மேல போய் உக்காரதில்லையே.”

படகுப் பட்டறையில், ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் நிமிர்ந்து தன் தம்பியை ஒரு முறை முறைத்தாள். தம்பி உடனே குனிந்து, தரையில் கிடந்த துளைக்கருவியின் வயரைச் சிக்கெடுக்க ஆரம்பித்தான்.

ஒருவர் அவளைக் கட்டிக்கொண்டவர், இன்னொருவன் அவள் கூடப் பிறந்தவன். இருவருக்கும் ஆளுக்கொரு பாய்மரப் படகு. இரண்டுமே ஃபைபர் படகுகள்தான், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை இருந்தது. தம்பியின் படகு, ஃபைபர் புதிதாக வந்த காலத்தில் கட்டியது. அது எவ்வளவு தாங்கும் என்று கட்டியவர்களுக்கே நிச்சயம் இல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடி இழையையும் ரெசினையும் பூச்சு மேல் பூச்சாக அப்பியிருந்தார்கள். அவள் கணவரின் படகு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் செய்தது. மெல்லிய தோல், நடுவில் நுரைத்தகடு, உள்ளே விலா எலும்பு மாதிரி ஒட்டிவைத்த சட்டம். கொஞ்சம் காற்றடித்தாலே போதும், அது பறக்கும். தம்பியின் படகு அப்போதுதான் சோம்பல் முறிக்கும். இருவரும் வருஷக்கணக்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்து இதையே அரைத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பாரா ரசமா என்று கேட்டால்கூடப் பதில் கனமா மெல்லிசா என்றுதான் வரும் என்று அவள் பேஷன்ட்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷம் கணவரின் படகு ஒரு பாறையை லேசாக உரசியது. வெளியே வெறும் கீறல்தான். ஆனால் உள்ளே தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, ஒட்டிவைத்த சட்டம் தோலைவிட்டுப் பாதி தூரம் விலகி, பிடிப்பில்லாத பல்செட் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து அந்தப் படகு பட்டறையின் கோடியில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. எந்த விவாதத்திலும் தோற்றுப் பழக்கமில்லாத மனிதர் ஒரு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சரி மாப்ளே, உன் எருமையிலேயே போவோம்.” தம்பி தட்டோடு எழுந்தான். கைகழுவப் போனவன் வெகுநேரம் திரும்பி வரவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு போன அவள், அவன் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி திரும்பி வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை அவன் யாரிடமும் எதிலும் ஜெயித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த வாரம் இருவரும் நடுக்கடலைத் தாண்டித் தீவுகளுக்குப் போகிறார்கள். போகச் சொல்லித் துரத்தியதே அவள்தான். “போங்க. ஒண்ணு, ரெண்டு பேரும் சிநேகிதமாயிடுவீங்க. இல்ல, ஒருத்தர்தான் திரும்பி வருவீங்க. எப்படியும் வீட்ல சத்தம் குறையும்.”

இன்று தம்பியின் படகில் ஆழம் காட்டும் கருவியைப் பொருத்த வேண்டும். அதற்குப் படகின் அடியில் ஒரு துளை போட வேண்டும். துளையைச் சுற்றிப் பூசும் பசை ட்யூபிலேயே இறுகிக் கல்லாகிவிட்டதென்று கணவர் கடைக்குக் கிளம்பினார்.

“நான் வர்றதுக்குள்ள துளை போட்டுடாதே மாப்ளே. ஒரு தடவை அளந்துட்டுப் போடலாம்.”

“சரி மச்சான்.”

கார் கேட்டைத் தாண்டியதும் அவன் கருவியை எடுத்துவிட்டான்.

படகு இரும்புக் கால்களில் நின்றது. அவன் அதன் அடியில் மல்லாந்து படுத்து, வட்டமாக அறுக்கும் பிளேடை மாட்டி அழுத்தினான். வெள்ளைத் தூள் முகமெல்லாம் கொட்டியது. கருவி உறுமி, திணறி, கடைசியில் துளைத்துக்கொண்டு மேலே போய்விட்டது. பிளேடுக்குள் மாட்டிக்கொண்ட வட்டத் துண்டைத் தட்டி எடுத்து, சூடு பொறுக்காமல் இரண்டு கைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே எழுந்து வந்தான்.

“பாருக்கா. என் கட்டைவிரலைப் பக்கத்துல வச்சுப் பாரு. மச்சான் படகுல துளை போட்டப்ப வந்தது பிஸ்கட்டுக்கா. டீயில நனைச்சா கரைஞ்சிருக்கும்.”

அவள் கையில் அதைத் திணித்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி படகுக்கடியில் புகுந்தான். ஏதோ ஒரு பாட்டை மூக்காலேயே பாடினான்.

அவள் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பழக்கதோஷம், கட்டைவிரல் நகம் தானாக அதன் பக்கவாட்டில் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் தடுக்கியது. மயிரிழை மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருவராவது வாயில் அதோடு வந்து நாற்காலியில் உட்காருவார்கள். வேறெதுவும் நினைக்காமல் நகத்தைக் கொடுத்து லேசாகத் திருகினாள். துண்டு மூடி கழல்வதுபோல இரண்டாகக் கழன்றது.

பிரிந்த இரண்டு முகங்களும் வழவழவென்று பளபளத்தன. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. ஒட்டியிருந்தால்தானே அறுவதற்கு.

இரண்டையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள். நாலடி தூரத்தில் குப்பைப் பீப்பாய் இருந்தது. பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பாடி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“டேய், இங்க வா.”

அவன் பார்த்தான். ஒன்றை வாங்கிச் சட்டையில் துடைத்து மறுபடி பார்த்தான்.

“பிளேடு சூடுக்கா. சூட்டுல விட்டிருக்கும்.”

“இருக்கலாம்.”

“நீ ‘இருக்கலாம்’னு சொன்னா பல்லைப் பிடுங்கப் போறேன்னு அர்த்தம்.”

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்கடியில் புகுந்து, துளைக்குள் விரலை விட்டாள். கோடு அங்கேயும் சுற்றி ஓடியது. அதிலிருந்து ஒரு சொட்டு கசிந்து விரலில் இறங்கியது. முகர்ந்து பார்த்தாள். வினிகர் மாதிரி புளித்த வாடை, வருஷக்கணக்காக உள்ளே ஊறிக்கிடந்த தண்ணீர். விரலை அவன் மூக்கருகே நீட்டினாள். அவன் சூட்டைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அவள் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டக், டக் என்று கெட்டியாகக் கேட்டது. துளையை நெருங்கியதும் சத்தம் தொப்பென்று விழுந்தது. விழுந்த இடத்திலெல்லாம் அவன் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டான். ஒரு சாசர் அளவுக்கு இருக்கும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். குறிகள் துளையைத் தாண்டி, படகு கவிழாமலிருக்க அடியில் தொங்கும் ஈயக் கீல் வரைக்கும் போய், வளைந்து, திரும்பி வந்தன. ஒரு கதவின் அளவுக்கு வந்ததும் அவன் சாக்பீஸைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

“எப்படிக்கா?”

“ஒரு பூச்சு முழுசா காஞ்சப்புறம் தேய்க்காம அது மேல அடுத்ததைப் போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டுட்டுப் போயி, திங்கட்கிழமை வந்து தொடர்ந்திருப்பாங்க. பல்லுலயும் அப்படித்தான், நடுவுல எச்சில் பட்டுடுச்சுன்னா மேல எவ்வளவு அப்பினாலும் நிக்காது.”

“அப்போ பழைய படகெல்லாம் இப்படித்தானா?”

“யார் சொன்னா? இதே அச்சுல செஞ்ச அடுத்த படகு ஒரே பாறையா இருக்கும். அது அன்னிக்கு வேலை செஞ்சவங்க கையைப் பொறுத்ததுடா. அவரோடதும் ஒட்டினதுதான் விட்டுச்சு, உன்னோடதும் ஒட்டினதுதான் விட்டுச்சு.”

“இத்தனை வருஷம் ஓடியிருக்கே.”

“ஓடியிருக்கு. குளம் மாதிரி கிடக்கற இந்த வளைகுடாவுல.”

அவன் தரையில் உட்கார்ந்தான். வெள்ளைத் தூள் படிந்த முகத்தில் கண் மட்டும் தெரிந்தது. அவள் மீதி ஆரஞ்சை நீட்டினாள். அவன் வாங்கினான், ஆனால் வாயில் போடவில்லை.

“போகலக்கா. மச்சானை ஏத்திக்கிட்டு இதுல போவேனா நான்? நீ கேக்கவே வேண்டாம்.”

“நான் கேக்கலையே.”

“வெளித்தோலை உரிச்சு எடுத்துட்டுப் புதுசாப் போடணும். இந்தப் பருவம் போச்சு. போகட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” ஆரஞ்சின் நாரைக் கிள்ளி எடுத்தான். “மச்சான் இதைப் பாத்தா என்ன சொல்வாரு தெரியுமா?”

“என்ன சொல்வாரு?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தோள்ல தட்டிக் கொடுப்பாரு. அதுதான்க்கா தாங்காது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் அப்படித்தான் தட்டுவார். அன்பாகத்தான் தட்டுவார்.

கேட்டருகே கார் நிற்கும் சத்தம் கேட்டது. அவன் சட்டென்று எழுந்து, சட்டைக்கையால் சாக்பீஸ் குறிகளை அழிக்க ஆரம்பித்தான். அழித்துக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் பேசினான்.

“உனக்குப் பயமா இருக்குன்னு சொல்லிடேன்.”

“என்னது?”

“கனவு கண்டேன், மனசு சரியில்ல, போக வேண்டாம்னு. நீ ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா அவரு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரு. படகை நான் மெதுவா சரி பண்ணிக்கறேன்.”

“நான் என்னிக்குடா அழுதிருக்கேன்?”

“அதனாலதான் நம்புவாரு.”

பட்டறையின் சரளைக்கல் பாதையில் கணவர் பையை ஆட்டிக்கொண்டு வருவது படகின் வயிற்றுக்குக் கீழே தெரிந்தது, இடுப்புக்குக் கீழே மட்டும். தனக்குப் பயம் என்று அவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். முதலில் அவர் அவளைத் தேற்றுவார். அந்தக் காலத்துக் கனம், ஒன்றும் ஆகாது என்று தம்பியின் வார்த்தைகளையே எடுத்துத் தேற்றுவார். அப்புறம் விட்டுக்கொடுப்பார். பிறகு எந்த விசேஷத்தில் நாலு பேர் கூடினாலும், இவள் அழுததால்தான் போகவில்லை என்ற கதை வரும். அவரும் நம்புவார், அவள் சாகிற வரைக்கும் நம்புவார். உண்மையைச் சொன்னால், சாப்பாட்டு மேசையில் தம்பி இனி தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான்.

“துளை போட்டாச்சா?” கணவரின் குரல் முன்னால் வந்தது. “போட்டிருப்பே. என் பேச்சை என்னிக்குக் கேட்டிருக்கே நீ?”

தம்பி குனிந்து, தூள் படிந்த கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சின்ன வயசில் மார்க் ஷீட்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது அவன் பிடிக்கும் பிடி.

“சொல்லிடறியாக்கா?”