பெற்ற பகுதியின் விரல்

செல்வரத்தினம் மஞ்சள் தண்ணீர் குடிக்க நாள் பார்த்தது 1938ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில். நாரந்தனையில் அப்படி ஒரு சடங்கு கடைசியாக எப்போது நடந்தது என்பது ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. பிள்ளை இல்லாதவர் ஒரு பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்கும்போது, மஞ்சள் கரைத்த தண்ணீரை ஒரு செம்பில் எடுத்து நடுவில் வைப்பார்கள். உரிமை உள்ள உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து அதில் விரலைத் தோய்ப்பார்கள். பிறகு ஏற்பவர் அந்தத் தண்ணீரைக் குடிப்பார். விரல் தோய்த்தவர்களுக்கு அந்தப் பிள்ளை அன்று முதல் சொந்த இரத்தம். தோய்க்காதவர்களுக்கு அயல் வீட்டுப் பிள்ளை.

தோய்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் செல்வரத்தினத்தின் இறந்துபோன மனைவி பார்வதிப்பிள்ளையின் தம்பி கந்தப்பு. மற்றவர் செல்வரத்தினத்தின் தமக்கை அன்னப்பிள்ளை. கந்தப்பு கேட்ட உடனேயே சம்மதித்துவிட்டார். அன்னப்பிள்ளை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

பிள்ளையின் பெயர் மீனலோசனி. வயது பதினெட்டு. செல்வரத்தினம் மலாயாவில், சிரம்பானில், புகையிரதக் கந்தோரில் வேலை செய்த காலத்தில் அவருடைய குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சீனக் குடும்பம் கீரைத் தோட்டம் செய்தது. அவர்களுக்கு ஆறாவதாகவும் பெண் பிறந்தது. பதினொரு நாள் கழித்து அந்தப் பெண்ணின் தாய் குழந்தையைக் கீரைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து பார்வதிப்பிள்ளையிடம் கொடுத்தாள். பிறகு கூடையை மட்டும் திருப்பிக் கேட்டாள். ஒன்பது வருடங்கள் கழித்து ஓய்வு பெற்ற செல்வரத்தினம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தபோது, இறங்குதுறையில் நின்றவர்கள் அவரை விட்டுவிட்டுப் பிள்ளையையே பார்த்தார்கள்.

ஊர் அவளை வெறுத்தது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் தேவாரப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். பனங்கிழங்கு கிண்டவும் அதைப் பிளந்து ஒடியலாகக் காயப்போடவும் தெரியும். மீனலோசனி என்றால் மீன் போன்ற கண்ணுடையவள். எந்த மீன், சூடை மீனா என்று பெடியன்கள் கேட்டார்கள். அவளும் சில நேரம் சிரித்தாள். தான் எப்படி இருக்கிறாள் என்பதை அவள் நாளில் பெரும்பகுதி மறந்தே இருந்தாள். புதிதாக யாராவது வந்து அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கும்போதுதான் தன் முகம் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்து நிலப்படத்தில் சீனம் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாலும் மூட முடியாத அளவுக்கு இருந்தது. நாரந்தனை அதில் இல்லவே இல்லை. இல்லாத ஊரைச் சேர்ந்தவளாக இருப்பது அவளுக்கு அந்த நாட்களில் பிடித்திருந்தது.

அது மாறியது இரண்டு வருடங்களுக்கு முன், பார்வதிப்பிள்ளை இறந்த அன்று. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அவர்கள் வீட்டிலேயே, பிரேதத்தைத் தூக்குமுன், வாய்க்கரிசி போட்டு விடைகொடுப்பார்கள். வரிசையில் மீனலோசனியும் அரிசியை எடுத்துக்கொண்டு நின்றாள். முன்னால் நின்ற அன்னப்பிள்ளை திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நீ அங்கால நில் பிள்ளை. உரிமைக்காரர் போடட்டும்."

அவள் விலகி, அயலட்டைப் பெண்களோடு வேலியோரமாக நின்றாள். பிரேதம் வாசல் படலையைக் கடந்த பிறகும் கையில் அரிசி இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் மாலை வரை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

இப்போது செல்வரத்தினத்துக்கு நெஞ்சுவலி. ஊர்காவற்றுறை டாக்குத்தர் படியேற வேண்டாம், கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் விட்டதை மகள் விளங்கிக்கொண்டாள். காணி யாருக்கு, வீடு யாருக்கு என்பதெல்லாம் தகப்பனின் கவலை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அடுத்த முறை தன்னை யாரும் வேலியோரம் அனுப்பக் கூடாது.

அன்னப்பிள்ளையின் வீடு அடுத்த வளவில். நாள்தோறும் காலையில் மீனலோசனி அவருக்கு ஆட்டுப்பால் கொண்டுபோய்க் கொடுப்பாள். காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பாள். "மாமி" என்றுதான் கூப்பிடுவாள். அன்னப்பிள்ளை அதைத் தடுத்ததும் இல்லை, ஒருநாளும் "மருமகள்" என்று திருப்பிச் சொன்னதும் இல்லை. "பிள்ளை" என்றே சொல்வார். பிள்ளை என்று யாரையும் சொல்லலாம்.

யோசித்து முடிந்ததும் அன்னப்பிள்ளை வந்து சொன்ன பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. தனக்கு மறுப்பில்லை, ஆனால் பிள்ளையை எடுக்கிற பகுதி மட்டும் விரல் வைத்தால் காணாது, பெற்ற பகுதியிலிருந்தும் ஒருவர் வைக்க வேண்டும் என்றார். கொடுத்தவர் இல்லாமல் எடுத்தால் அது களவெடுத்த பிள்ளை போலாகும் என்றார். பழைய முறை அப்படித்தானா என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. செல்வரத்தினம் சிரம்பான் எங்கே இருக்கிறது என்று தமக்கைக்கு விளக்கப் பார்த்தார். தெரியும், அதனால்தான் சொல்கிறேன் என்பது போல் அவர் தலையை ஆட்டினார். அன்னப்பிள்ளையின் மகன் இலட்சுமணன் கொழும்பில் இருந்தான். தம்பிக்கு வாரிசு இல்லையென்றால் இந்தக் காணி அவனுக்கு வரும். அதை அன்னப்பிள்ளை ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததால் யாரும் அவரோடு வாதாடவும் முடியவில்லை.

"மச்சாள் விரலை ஒளிக்கிறா," என்றார் கந்தப்பு. "வைச்சால் இலட்சுமணனுக்கு முறை மச்சாள் கிடைச்சிடும் எண்ட பயம்."

"உமக்கு எல்லாம் பகிடி," என்றார் அன்னப்பிள்ளை.

அந்தக் கிழமையே சீனன் வந்தான்.

வருடத்துக்கு ஒரு முறை, காரைநகரிலிருந்து வள்ளத்தில் சைக்கிளையும் புடவை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வருகிற வியாபாரி அவன். நாற்பது வயதிருக்கும். தமிழையும் சிங்களத்தையும் கலந்து, பட்டு நல்லது, கிழியாது, சாயம் போகாது என்று சொல்லத் தெரியும். அவன் முதல்முறை வந்தபோது மீனலோசனியைக் கண்டு தன் பாஷையில் ஏதோ சொன்னான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். விளங்கவில்லை என்று அவள் தமிழில் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துவிட்டு மூட்டையை அவிழ்த்தான். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. விளங்கியும் மறைக்கிறாள் என்றே நினைத்தது. அதற்குப் பிறகு அவன் மணிச்சத்தம் கேட்டால் அவள் குசினிக்குள் போய்விடுவாள்.

இந்த முறை கந்தப்பு சைக்கிளை ஒழுங்கையிலேயே மறித்தார். நாரந்தனையில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும், மூன்று தலைமுறைக்குள் ஏதோ ஒரு வழியில் சொந்தம் வரும். கந்தப்பு ஊரைவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அப்பால் போனதில்லை. ஒரு சீனனுக்கும் ஒரு சீனப் பெட்டைக்கும் சொந்தம் இல்லாமல் போகும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அதைவிட வியப்பானது, அன்னப்பிள்ளைக்கும் அது தோன்றவில்லை. பெற்ற பகுதியில் ஒருவர் படலை வரை வந்துவிட்டார் என்று கந்தப்பு சொன்னபோது அவர் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். தான் போட்ட நிபந்தனை சைக்கிளில் வந்து நிற்கிறது. பிறகு எழுந்து முகம் கழுவி, கட்டியிருந்த சேலையை மாற்றினார்.

செல்வரத்தினம் ஒருவர்தான் இது சரியில்லை என்றார். அவன் வேறு நாட்டின் வேறு மூலை, இவளைப் பெற்றவர்களின் பாஷைகூட அவனுடையது அல்ல என்றார். கந்தப்பு அவரைத் தனியே கூட்டிப்போனார். "அத்தான், மச்சாள் ஓம் எண்டு சொல்லியாச்சு. இப்ப நீங்கள் படிப்பைக் காட்டாதேங்கோ."

மீனலோசனி குசினிக் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். இந்த வீட்டுக்குப் பிள்ளையாக வேண்டுமென்றால், முதலில் அந்த மனிதனுக்குப் பிள்ளையாக வேண்டும் போலிருந்தது. ஒன்பது வருடமாக அவள் அவனிடமிருந்து விலகி நின்றதே, இவர்கள் தன்னை அவனோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். வேண்டாம் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். தகப்பன் அதோடு நிறுத்திவிடுவார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு மஞ்சளை எடுத்து அம்மியில் வைத்து அரைத்தாள்.

விறாந்தையில் பாய் விரித்தார்கள். செம்பு நடுவில் இருந்தது. கந்தப்பு சீனனுக்குக் கையாலும் வாயாலும் விளக்கினார். பிள்ளை, கொடுக்கிறது, விரல், தண்ணீர். அவன் செம்பைப் பார்த்தான், செல்வரத்தினத்தைப் பார்த்தான், கடைசியாக மீனலோசனியைப் பார்த்தான். இந்த முறை அவன் தன் பாஷையில் எதுவும் சொல்லவில்லை. கிணற்றடி எங்கே என்று கேட்டான். போய்க் கைகால் கழுவிவிட்டு வந்து, செருப்பில்லாமல் பாயில் முழங்காலிட்டு, வலது கை ஆட்காட்டி விரலைத் தண்ணீரில் தோய்த்தான். சும்மா தொட்டுவிட்டு எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக்கூடிய நேரம் விரல் தண்ணீருக்குள் இருந்தது.

கந்தப்பு தோய்த்தார்.

அன்னப்பிள்ளை செம்புக்கு முன்னால் குந்தினார். வேலியில் ஒரு காகம் இருந்து கத்தியது. விரல் செம்பின் விளிம்பில் நின்றது.

"குடுத்தவன் வைச்சிட்டான்," என்றார், ஒருவரையும் பார்க்காமல். "நான் சொன்ன சொல்லு மாறேலாது."

தோய்த்தார். செல்வரத்தினம் செம்பை இரண்டு கையாலும் தூக்கி முழுவதையும் குடித்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தி மஞ்சள் கறை பட்டது.

பெற்ற பகுதி புடவை கொடுக்க வேண்டும் என்று கந்தப்பு அந்த நேரம் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அது பகிடியா இல்லையா என்று தெரியவில்லை. சீனன் மூட்டையை அவிழ்த்து, நீலப் பட்டு ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான். மீனலோசனியும் இரண்டு கையால் வாங்கினாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, வெயில் ஏறுமுன் வேலணைக்குப் போக வேண்டும் என்றான்.

அவள் படலை வரை போனாள். அவனோடு அவள் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு அது என்னெண்டு தெரியுமோ? என்னத்துக்கு விரல் வைச்சனீங்கள் எண்டு?"

அவன் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டே தலையை ஆட்டினான். "தெரியும். பிள்ளை குடுக்கிறது." கயிற்றை இறுக்கினான். "நான் குடுத்தது. முந்தி. எங்கட ஊரில, பெரிய பஞ்சம். மகள், மூண்டு வயசு." கையால் அந்தக் குழந்தையின் உயரத்தைக் காட்டினான். "ஒருத்தரும் தண்ணி வைக்க இல்லை."

அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கையில் இருந்தது அவன் கொடுத்த பட்டு மட்டும்தான். அதனால் உண்மையைச் சொன்னாள். தகப்பன் இறக்கும்போது தானும் வாய்க்கரிசி போட வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் என்றாள். வாய்க்கரிசி என்ற சொல் அவனுக்குத் தெரியவில்லை. அவள் மூடிய கையை வாயருகே கொண்டுபோய் விரித்துக் காட்டினாள். அவன் அதைப் பார்த்து நின்றான். அவர்களுடைய ஊரிலும் உண்டு, அரிசிதான் என்றான். அவனுடைய பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னான். அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் ஓம் என்றான்.

சைக்கிள் ஒழுங்கை திரும்பும் வரை அவள் நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து அன்னப்பிள்ளையின் குரல் வந்தது. செம்பைப் புளி போட்டுத் தேய்க்காவிட்டால் மஞ்சள் போகாது, மருமகள் இன்னும் படலையில் என்ன செய்கிறாள் என்று கேட்டார். அந்தச் சொல்லைக் கேட்டால் தனக்குள் ஏதாவது நடக்கும் என்று மீனலோசனி பல வருடங்களாக எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் போய்ச் செம்பைத் தேய்த்தாள்.

செல்வரத்தினம் ஆவணி மாதத்தில் ஒரு பகல் நேரம், சாய்மனைக் கதிரையில் இருந்தபடி இறந்துபோனார்.

சீனன் அடுத்த பங்குனியில்தான் வந்தான். ஒழுங்கையில் பிள்ளைகள் வழக்கம்போல் "சீனன், சீனன்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அன்னப்பிள்ளை தன் படலைக்கு வந்து அவர்களை அதட்டினார். அது எங்கள் சம்பந்தப் பகுதி, மரியாதையாகக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அவர்களைத் துரத்தினார். பிறகு அவனை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, செல்வரத்தினத்தின் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். தம்பி மோசம் போய்விட்டான், ஆள் அனுப்பிச் சொல்ல எங்கே இருக்கிறீர் என்று தெரியவில்லை, குறை நினைக்கக் கூடாது என்று, சொந்தக்காரரிடம் சொல்வது போலவே சொன்னார். அவன் எல்லாவற்றையும் கேட்டான். எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை.

மீனலோசனி குசினியிலிருந்து தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கிளாசை வாங்கிப் பக்கத்தில் வைத்தான். மூடிய கையை வாயருகே கொண்டுபோய் விரித்தான்.

"ஓம்," என்றாள் அவள். "நானும் போட்டனான்."