வாயசைத்தால் போதும்

சிட்டு என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பாடகனுக்கு அவன் அக்காதான் பாதி உயிர். அவன் மேடையில் பாடுவான். அவள் கூட்டத்துக்குப் பின்னால் மிக்சர் போர்டின் முன் உட்கார்ந்து ஒலியைப் பார்த்துக்கொள்வாள். மைக் சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் அவன் மோவாயை லேசாகத் தூக்குவான். அவர்களுக்கு அது போதும்.

ஏறிக்கொண்டே போகும் வீட்டு வாடகையைப் பற்றி அவன் பாடிய பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் அதைத் தேர்தல் பாட்டாக்கிக்கொண்டார்கள். தினமும் மேடைமேல் மேடை. அவன் துவண்டு உட்கார்ந்தபோது கட்சியின் இளைஞரணிச் செயலாளர்தான் முதல் மாத்திரையை நீட்டினார்.

"தெம்புக்குத்தான் தம்பி. நானே போட்டுக்குறேன்."

கட்சி ஜெயித்தது. செயலாளர் அமைச்சரானார். மாத்திரை போய், அதே கைகளிலிருந்து போதைப் பொடி வந்தது. அக்கா கெஞ்சினாள், திட்டினாள், பட்டினி கிடந்தாள். எதுவும் அவனுக்கு உறைக்கவில்லை.

வாடகை மட்டும் குறையவே இல்லை. ஒரு கச்சேரியில் சிட்டு அதே பாட்டில் புதிதாக ஒரு சரணம் சேர்த்தான். நீங்கள் கொடுத்த வாக்கு இப்போது எந்த வீட்டில் குடியிருக்கிறது, அதற்கு யார் வாடகை கட்டுகிறார்கள் என்று பாடினான். விசில் அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த வாரமே போலீஸ் வந்தது. வீட்டைச் சோதிக்கவில்லை, நேராக அவன் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டது. பொட்டலத்தை வேறு யாராவது கொண்டுவந்து வைத்திருந்தால் அக்கா கோர்ட்டு வாசலில் நின்று சண்டை போட்டிருப்பாள். அது அவனுடையதுதான். எந்தப் பையில் இருக்கும் என்பது கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவன் உள்ளே போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. வாழ்நாளெல்லாம் ஒலியோடு மல்லுக்கட்டியவளுக்கு அந்த அமைதியை எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை.

ஒருநாள் அமைச்சரே அவள் வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். போதை ஒழிப்பு மாநாடு நடக்கப்போகிறதாம். சிட்டு வந்து, தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லி, பழைய பாட்டைப் பாடினால் வழக்கு சிகிச்சையோடு முடிந்துவிடுமாம்.

"பழைய பாட்டு மட்டும்தாம்மா. புது சரணம் வேணாம்" என்றார், அன்று மாத்திரையை நீட்டிய அதே தேன் குரலில்.

சிறையில் கம்பிவலைக்கு அப்பால் சிட்டு எலும்பும் தோலுமாக நின்றான்.

"குரல் போயிடுச்சுக்கா. எழும்பவே மாட்டேங்குது."

"பதிவு இருக்குடா. அதை ஓட விடுறேன். நீ வாயசைச்சாப் போதும்."

"அவனுங்க மேடையிலயா?"

"எந்த மேடையா இருந்தா என்ன. நீ வீட்டுக்கு வா."

அவன் அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

மாநாட்டில் அமைச்சர் அவன் தோளில் கைபோட்டு நின்றார். அக்கா பதிவை ஓட விட்டாள். ஸ்பீக்கர்களிலிருந்து அவளுடைய பழைய தம்பி வந்தான். பொடி தொடாத, சிரிப்பு ஒளிந்திருக்கும் குரல். பல்லவி முடியும்வரை அவன் ஒழுங்காக வாயசைத்தான். பிறகு உதடுகள் நின்றன. கூட்டத்தைத் தாண்டி அவளைப் பார்த்தான். மோவாயைத் தூக்கினான்.

மூடி வைத்திருந்த அவன் மைக்கின் பொத்தானில்தான் அவள் விரல் இருந்தது. திறந்தால் அந்தச் சரணம் வெளியே வரும். அவன் திரும்ப உள்ளே போவான். அவன் மறுபடியும் மோவாயைத் தூக்கினான். அவள் குனிந்து போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

அவன் வீட்டுக்கு வந்தான். சிகிச்சையில் உடம்பு தேறியது. ஒரு டைல்ஸ் கடையில் வேலைக்குப் போனான். அக்காவிடம் அன்பாகத்தான் இருந்தான். துணி மடித்துக் கொடுப்பான், கடைக்கு வருபவர்களைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்கவைப்பான். பாடுவது மட்டும் இல்லை. ஒருமுறை அவளாகவே அந்த நாளைப் பற்றி ஆரம்பித்தாள்.

"விடுக்கா. உன் எடத்துல நான் இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்" என்றான். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த தேர்தல் வந்தது. மாநாட்டில் ஓடிய பதிவைக் கட்சிக்காரர்கள் பிரதியெடுத்து வைத்திருந்தார்கள். ஒரு மாலை பிரச்சார வண்டி அதை அலறவிட்டபடி அவர்கள் தெருவுக்குள் நுழைந்தது. சிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

"டீ போடட்டுமாக்கா?"

"போடு."

அவன் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டதும், அவள் ஓசைப்படாமல் எழுந்து ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து, வண்டி தெருமுனை திரும்பும்வரை காதை வைத்துக்கொண்டு நின்றாள்.