பத்தொன்பதாம் எண்ணின் அலைவரிசை

ரேஃபோர்ட் டில்மன் கார்ப் பந்தயத்தை விட்டது போன அக்டோபர் பதினான்காம் தேதி. இருபத்தாறு வருடம் ஆரஞ்சு நிற எழுபத்திரண்டாம் எண் காரை ஓட்டியவர். அன்று ஆறாவதாக வந்தார். காரை விட்டு இறங்கி, முதுகு இனி ஒத்துழைக்காது என்று மைக்கில் சொன்னார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்விட்டார். என் கணவர் ஹாலிஸ் வீட்டுக்கு வந்ததும் தன் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி, அலமாரியின் கீழறையில், குளிர்காலக் கையுறைகளுக்கு அடியில் வைத்தார்.

"இனிமே சனிக்கிழமைன்னா எனக்கு ஒண்ணும் இல்ல, நாடின்," என்றார்.

அவருக்குப் பார்வை போகத் தொடங்கி அப்போது இரண்டு வருடம். முதலில் நடுப்பார்வைதான் போனது, ஓரம் தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்ப்பவர்போலத் தலையைத் திருப்புவார். ஒவ்வொன்றாக விட்டார். முதலில் லாரி ஓட்டுவதை. அடுத்து மீன் பிடிப்பதை, தூண்டில் முள் கட்டைவிரலில் ஏறிய பிறகு. பிறகு தேவாலயப் பாடகர் குழுவை. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுக்குக்கூடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது பொய் சொல்வது மாதிரி இருக்கிறது என்றார். மீதி இருந்தது சனிக்கிழமை மட்டும். அதுவும் போனால் சமையலறை ஜன்னலருகே இருக்கும் நாற்காலியில் உட்காருவார், அதிலிருந்து எழுந்திருக்க மாட்டார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவருடைய அப்பாவை அதே நாற்காலியில் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அவருக்குப் புதிதாக ஓர் ஓட்டுநரைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளி அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்தவள். எதையும் கடிதத்தில்தான் தொடங்குவேன். ஜனவரியில் மைதான அலுவலகத்துக்கு எழுதினேன். எந்தக் காருக்கு எந்த ரேடியோ அலைவரிசை என்று இரண்டு தாளில் பட்டியல் வந்தது. எங்கள் ஊரில் பந்தயம் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் காதில் ஹெட்போனோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுநருக்குக் காரின் இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் கழுத்தைத் திருப்ப முடியாது. அவருடைய ஆள் ஒருவர் கேலரியின் கூரைமேல் நின்று, பக்கத்தில் யார் வருகிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பேச்சை நாங்களும் கேட்போம். எங்களிடம் ஒரே பெட்டி. அதிலிருந்து இரண்டு ஹெட்போன். கல்யாணமான ஐந்தாம் வருடம் வாங்கியது.

"கண்ணு தெரியாதவன் எப்படிப் புது ஆளைப் பிடிப்பான்?" என்று கேட்டார் ஹாலிஸ்.

"காதால பிடி," என்றேன்.

மார்ச்சில் பந்தயங்கள் தொடங்கின. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி, ஏனென்றால் எங்கள் மைதானத்தில் விளக்குகள் கிடையாது. ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு ஓட்டுநர். ஒருவருக்கு ஐம்பது சுற்று. நான் அலைவரிசையை மாற்றுவேன், அவர் கேட்பார். வேகவைத்த நிலக்கடலையை உரித்து உரித்து என் கையில் கொடுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். முப்பத்து மூன்றாம் எண் பையன் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். அவனோடு கோடை முழுவதும் இருக்க முடியாது என்றார். ஐந்தாம் எண்ணுக்குக் கூரைமேல் நின்றவர் மாட்டு ஏலக்காரர்போல மூச்சு விடாமல் கத்தினார். அறுபத்தோராம் எண் ஐம்பது சுற்றில் இரண்டே வார்த்தை பேசினான். "தண்ணி இல்ல".

நாலாவது வளைவின் கேலரி பழைய எழுபத்திரண்டுக்காரர்களுடையது. எங்கள் மைதானத்தில் யாரும் டிக்கெட்டைப் பார்த்து உட்காருவதில்லை. யாருடைய ஆள் என்பதை வைத்துத்தான் இடம். ரேஃபோர்ட் போனதும் அந்த வரிசை மொத்தமும் எல்லாப் பந்தயத்திலும் ஜெயிக்கிற டிரென்ட் பல்லூவுக்கு மாறிவிட்டது. புதுக் கறுப்புத் தொப்பிகூட வந்துவிட்டது. எங்களுக்கு முன்வரிசையில் இருபது வருடமாக உட்காருகிற பக் ஆன்ஸ்லி, ஹாலிஸுடன் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஒவ்வொரு வாரமும் திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்வார்.

"பழைய லாரி வாங்கப் போனவன் மாதிரி ஒவ்வொரு டயரா உதைச்சுப் பாக்குற. பேசாம பல்லூவை எடுத்துக்கயேன்டா."

"அவனுக்கு நான் எதுக்கு? அவனுக்குத்தான் நீ இருக்கியே," என்றார் ஹாலிஸ்.

ஜூன் எட்டாம் தேதி, பட்டியலில் பதினேழாவது பெயர். எண் பத்தொன்பது, வெள்ளைக் காரில் பச்சைக் கோடு. எவரெட் ஷிஃப்லெட், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர், வயது நாற்பத்தொன்று. அதுவரை ஒரு பந்தயத்திலும் முதலாவதாக வந்ததில்லை. கூரைமேல் நின்றவர் அவருடைய மாமனார் வெர்னன். இரண்டாம் சுற்றிலேயே ஹாலிஸ் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

வெர்னனின் குரல் அவசரமே இல்லாத குரல். "உள்பக்கம் ஒருத்தன்... இருக்கான்... இருக்கான்... கதவுகிட்ட... பின்னாடி போயிட்டான். க்ளியர்." மஞ்சள் கொடி விழுந்து கார்கள் மெதுவாகச் சுற்றும்போது சும்மா இருக்காமல், யார் டயர் மாற்றப் போனார், யாருடைய முன்பகுதி நசுங்கியிருக்கிறது என்று மருமகனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு முன்னால் நடப்பது எனக்கே அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

ஐம்பது சுற்று முடிந்து நான் பொத்தானைத் திருப்பப் போனேன். ஹாலிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேணாம். இங்கயே இருக்கட்டும்."

பந்தயம் முடிந்தபோது பத்தொன்பது பதினான்காவது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னார்: "உள்ள இருக்கறவனுக்கும் ஒண்ணும் தெரியாது, நாடின். மேல இருக்கறவன் சொன்னா அப்படியே நம்பி வண்டியைத் திருப்பறான். எனக்கு அது போதும்."

ஆள் மாறினால் இடமும் மாற வேண்டும். பத்தொன்பதுக்காரர்கள் இரண்டாவது வளைவில் உட்காருவார்கள். எவரெட்டின் மனைவி, அவருடைய பேருந்துப் பணிமனை நண்பர்கள், எல்லாம் சேர்த்து ஒன்பது பேர். எங்களோடு பதினொன்று. அடுத்த சனிக்கிழமை பக் எங்கள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிக் கூடவே வந்தார். வழியெல்லாம் பதினான்காம் இடத்தைப் பற்றிக் கேலிதான். பெட்டியை இறக்கி வைத்ததும் கேலி நின்றது. ஹாலிஸின் புதுப் பச்சைத் தொப்பியின் முனையை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த ஏழு வாரம் நன்றாக இருந்தது. ஹாலிஸ் வியாழக்கிழமையே சனிக்கிழமையைப் பற்றிப் பேசுவார். ஜூலை கடைசியில் ஓரப் பார்வையும் மங்கியது; என் காதைப் பார்த்துத் தலையைத் திருப்புவதையும் விட்டுவிட்டார். ஆனாலும் சனிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் எழுந்து தொப்பியைத் தேடி எடுத்துக்கொள்வார்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நன்றி சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, எவரெட்டுக்கும் வெர்னனுக்கும் சேர்த்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். என் கணவருக்குப் பார்வை இல்லை, உங்கள் அலைவரிசையில் வரும் குரலால்தான் அவர் பந்தயம் பார்க்கிறார், இந்தக் கோடையை நீங்கள்தான் அவருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதினேன். பதில் எதிர்பார்க்கவில்லை என்றும் எழுதினேன். எதையும் கேட்கவில்லை, அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஐந்தாறு முறை படித்துப் பார்த்துவிட்டேன். ஹாலிஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

பத்தாம் தேதிப் பந்தயம். அறுபத்திரண்டாம் சுற்றில் பத்தொன்பது ஏழாவது இடத்தில் இருந்தது. அந்த வருடத்தில் அதுதான் அவர்கள் தொட்ட அதிக உயரம். யாரோ சுவரில் உரசி மஞ்சள் கொடி விழுந்தது. கார்கள் மெதுவாகச் சுற்றத் தொடங்கின. வெர்னன் வழக்கம்போல நிலவரம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் ஹாலிஸ், நீங்க கேட்டுட்டிருக்கீங்கன்னு தெரியும். நான் வெர்னன். நமக்கு முன்னாடி ஆறு பேர். நேர் முன்னாடி சிவப்பு முப்பத்து மூணு, அந்த வாய்க்கொழுப்புப் பையன். அவனோட இடது பக்கம் சப்பட்டை. இதுல அவனைத் தாண்டிருவோம்."

ஹாலிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நாற்பது வருடத்தில் நான் பார்த்த முகங்களில் அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. சிரிக்கிறார் என்று சொன்னால் போதாது.

எவரெட்டின் குரலும் வந்தது: "வணக்கம், மிஸ்டர் ஹாலிஸ். கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

பந்தயம் மறுபடி வேகமெடுக்கும் பச்சைக் கொடி எப்போது விழும் என்று எல்லோருக்கும் தெரியும். வெர்னனுக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். பல்லூ எங்கே இருக்கிறார் என்று ஹாலிஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசுகிற பொத்தான் அவர் விரலுக்கடியில் இருந்தது. அது அழுந்தியிருக்கும்வரை எவரெட்டால் எதுவும் கேட்க முடியாது. கொடி விழுந்தது. பின்னால் இருந்த நாற்பத்தைந்தாம் எண் கார் உள்பக்கமாகப் பாய்ந்தது. "உள்பக்கம்" என்று வெர்னன் சொன்னபோது எவரெட் ஏற்கெனவே ஸ்டீயரிங்கைத் திருப்பியிருந்தார்.

கார் சுவரில் முதலில் முன்பக்கமாக மோதியது, பிறகு பக்கவாட்டில். எங்களுக்கு நேர் கீழே. ஹாலிஸ் என் முழங்காலைப் பிடித்தார்.

"அவன்தானா?"

"அவன்தான்."

"இறங்கினானா?"

நான் எழுந்து நின்று பார்த்தேன். கார் ஜன்னலை மூடியிருந்த வலை கீழே விழுந்தது. ஒரு கை வெளியே வந்தது, பிறகு தலை. "இறங்கறான். நிக்கறான். ஒரு கையைப் பிடிச்சிட்டு நிக்கறான்," என்றேன். ஹெட்போனில் வெர்னன் "எவரெட்... எவரெட்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பந்தயம் முடிந்து, கார்களை நிறுத்துமிடத்துக்குப் போனோம். ஹாலிஸ் போக வேண்டும் என்றார். எவரெட்டின் மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு குளிர்காலமாகக் கொட்டகையில் அவரே பற்றவைத்துக் கட்டிய காரின் சட்டம் வளைந்து, முன்சக்கரம் ஒன்று வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் இனி இல்லை என்றார். அடுத்த வருடம் என்றும் சொல்லவில்லை.

"அவசரப்பட்டது நான்தான், மிஸ் நாடின். மாமா மேல ஒண்ணும் இல்ல. உங்க கடுதாசியைப் படிச்சதுலேருந்து மூணு நாளா அவருக்கு அதே பேச்சுதான்," என்றார்.

ஹாலிஸ் என் பக்கம் திரும்பினார்.

வெர்னன் இழுவை லாரிக்குள் உட்கார்ந்திருந்தார், இறங்கி வரவில்லை. ஹாலிஸ் லாரியின் பக்கத்தைத் தடவிக்கொண்டே போய்க் கதவைக் கண்டுபிடித்து ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வெளியே நின்றேன். கடைசியில் வெர்னன் சொன்னது மட்டும் கேட்டது: "இனி நான் கூரைமேல ஏறமாட்டேன், மிஸ்டர் ஹாலிஸ்."

காரில் பாதி வழி வந்ததும் ஹாலிஸ் கேட்டார்.

"நீ எழுதினியா?"

"நன்றின்னுதான் எழுதினேன், ஹாலிஸ். வேற ஒரு வார்த்தை இல்ல."

"தெரியும்." கொஞ்ச தூரம் போனோம். "உன்மேல கோவம் இல்ல. என் பேரைக் கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன் பாரு. கொடி விழப்போற நேரம்னு எனக்குத் தெரியும், எஞ்சின் சத்தம் மாறிடுச்சு. இருந்தாலும் அந்த ஆளு நிறுத்தக் கூடாதுன்னு நினைச்சேன்."

பச்சைத் தொப்பி ஆரஞ்சுத் தொப்பிக்கு மேலே போனது.

இன்று செப்டம்பர் பதினான்கு. ஐந்து வாரமாக என் மேசையில் ஒரு தாள் கிடக்கிறது. "அன்புள்ள வெர்னன்" என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. இன்னொரு கடிதம் அவருக்கு என்ன செய்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. பக் இரண்டு முறை வந்து கூப்பிட்டார், பல்லூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல். ஹாலிஸ் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். ஜன்னலருகே அந்த நாற்காலியில்தான் இருக்கிறார்.

மைதானம் எங்கள் வீட்டிலிருந்து ஆறு மைல். தெற்குக் காற்று அடித்தால் எஞ்சின்களின் சத்தம் மெலிதாக வரும். இன்று அடித்தது. இரண்டு மணிக்கு ஹாலிஸ் தலையைத் தூக்கினார்.

"அந்தப் பெட்டி எங்க இருக்கு?"

கொண்டுவந்து கொடுத்தேன். ஆறு மைல் தூரத்துக்கு அதில் ஒன்றும் எட்டாது, எங்கள் இருவருக்கும் தெரியும். எட்டினாலும் பத்தொன்பதாம் எண்ணில் பேச ஆளில்லை. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அலைவரிசையை மாற்றாமல், ஒலிப் பொத்தானை மட்டும் திருகினார். நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் ஹெட்போனையும் செருகினேன்.

வெறும் இரைச்சல்தான் வந்தது. காற்று திசை மாறி எஞ்சின் சத்தம் நின்ற பிறகும் அவர் கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை.