தலைப்பிரசவக் கணக்கு

என் அண்ணன் மகள் சினேகா குடிபெயர்ந்தவள். அவள் தம்பி உள்ளூர்க்காரன். இரண்டும் ஒரே தட்டில் இட்லி பிய்த்துத் தின்கிற வாண்டுகள், ஆனாலும் எங்கள் ஆய்வுக் கணினி அப்படித்தான் சொன்னது. முதலில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். "அசலூர்க்காரிக்கு இன்னொரு இட்லி வெய்யி அண்ணி" என்று வீட்டில் கிண்டலும் செய்தேன்.

நான் பிரபாவதி. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு நிறுவனம் திருத்தணி வட்டாரத்தில் குழந்தைகள் நலக் கணக்கெடுப்பு நடத்தியது. களப்பணிக்கு நான் பொறுப்பு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எடை, உயரம், ரத்தச் சத்து, தடுப்பூசி எல்லாம் பார்த்தோம். பிழைப்பு தேடி வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே இருப்பவர்களின் பிள்ளைகளைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று அளப்பதுதான் நோக்கம். நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. யார் வந்தவர், யார் இருப்பவர் என்று பிரித்த விதத்தில்தான் கோளாறு. குழந்தை எங்கே பிறந்தது என்று ஒரே ஒரு கேள்வி. தமிழ்நாட்டுக்கு வெளியே என்றால் குடிபெயர்ந்த குழந்தை, உள்ளே என்றால் உள்ளூர்க் குழந்தை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் பக்கம் பெண் எடுப்பதும் கொடுப்பதும் பாதிக்குப் பாதி நகரி, புத்தூர் என்று ஆந்திராவில்தான். திருப்பதி பஸ்ஸில் ஏறிக் கண் அசருவதற்குள் எல்லை போய்விடும். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். தலைப்பிரசவம் அங்கேதான், அதில் பேச்சே கிடையாது. சில மாதம் கழித்து இவர்கள் போய்த் தாயையும் பிள்ளையையும் கூட்டி வருவார்கள். அடுத்த பிள்ளைக்கு இந்த உபசாரம் எல்லாம் இல்லை. திருத்தணி ஆஸ்பத்திரிதான். ஆக, தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்து உழுகிற வீடுகளின் தலைச்சன் பிள்ளைகள் எல்லாம், எங்கள் சினேகா உட்பட, எங்கள் கணக்கில் ஆந்திராவிலிருந்து குடிபெயர்ந்து வந்துவிட்டார்கள். நெய்யும் பருப்புமாக வளர்ந்த கொழுக் மொழுக் குடியேறிகள்.

மறுபக்கம் ஊருக்கு வெளியே செங்கல் சூளை. ஒடிசாவிலிருந்து வருகிற குடும்பங்கள் மழை விட்டதும் வந்து, அடுத்த மழைக்கு முன் திரும்பிப் போவார்கள். பெரிய பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கைக்குழந்தைகளோடுதான் வருவார்கள். அந்தக் கைக்குழந்தைகளில் பெரும்பாலானவை இங்கே செங்கல் அறுத்துக்கொண்டிருக்கும்போதே வலி வந்து திருத்தணி ஆஸ்பத்திரியில் பிறந்தவை. பசந்தியின் பையனும் அப்படித்தான். பிறந்த இடம் திருத்தணி, ஆகவே உள்ளூர்க்காரன். அவன் விலா எலும்பைத் தொடாமலே எண்ணலாம். பசந்தி மறுபடியும் மாசமாக இருந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, வாரா வாரம் பார்க்க வேண்டும் என்று சூளைக்கு வரும் மருத்துவ வண்டியின் டாக்டரம்மா சொல்லியிருந்தார். சூளைப் பிள்ளைகளை நாங்கள் எடை பார்த்துக் கேள்வி கேட்டதும் அந்த வண்டிக்குள் வைத்துத்தான்.

என் சிரிப்பு நின்றது அட்டவணை வந்த அன்றுதான். குடிபெயர்ந்த குழந்தைகள் உள்ளூர்க் குழந்தைகளைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. கீழே பரிந்துரை: சூளைக்குத் தனி மருத்துவ வண்டி தேவையில்லை, வேறு இடத்துக்கு அனுப்பலாம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆய்வுத் தலைவர் டாக்டர் ஸ்ரீதரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன்.

"இன்னா சார் இது? சினேகாவும் பசந்தி புள்ளையும் எடம் மாறி ஒக்காந்துகினு இருக்காங்க. பாக்கலியா?"

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "பிறந்த இடம்தாம்மா எல்லா நாட்டிலயும் வெச்சுக்கற அளவு. அப்பத்தான் ஒப்பிட முடியும். தரவு எடுத்து முடிஞ்சப்புறம், முடிவு பிடிக்கலைன்னு வரையறைய மாத்தினா அது ஆய்வே இல்ல."

"மாத்த வேணாம் சார். எப்ப வந்தீங்க, எதுக்கு வந்தீங்க, வருஷத்துல எத்தினி மாசம் இருப்பீங்கன்னு நான் கேள்வி எழுதிக் குடுத்தேன். நேரம் இழுக்குதுன்னு நீங்கதான் எடுத்துட்டீங்க."

"அது அப்போ எடுத்த முடிவு. வியாழக்கிழமை கூட்டத்துல அறிக்கையக் குடுத்தாகணும்." அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, "உங்க ஒப்பந்தமும் இந்த மாசம் புதுப்பிக்கணும் இல்லையா?" என்றார்.

பயந்தேன். இல்லை என்றால் பொய். எம்.எஸ்சி. முடித்து, அரக்கோணத்துக்கும் சென்னைக்கும் ரயிலில் நின்று நின்று அலுத்து, சொந்த ஊரில் கிடைத்த வேலை அது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பசந்தியின் பையனை எடை பார்த்தவள் நான். அந்த எடையைக் கொண்டே அவனுடைய வண்டியைப் பிடுங்குவார்களா? என் கையால் எடுத்த அளவு அது.

கூட்டம் பைபாஸ் ரோட்டு மண்டபம் ஒன்றில் நடந்தது. வண்டியைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் சுகாதார அதிகாரி குமரேசன். பக்கத்து ஊர்க்காரர், நிலம் நீச்சு உள்ள குடும்பம். பெண் குழந்தை பிறந்ததற்குப் போன கூட்டத்தில்தான் எல்லோருக்கும் லட்டு கொடுத்திருந்தார். ஸ்ரீதர் திரையில் படம் போட்டு அழகாகப் பேசினார். குமரேசன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். "வந்தவங்க புள்ளைங்க நல்லா இருக்குதுன்னா சந்தோஷம்தான். அப்ப வண்டிய அந்தாண்ட திருப்பிடலாமா?"

நான் எழுந்தேன். ஸ்ரீதர் கையால் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், ஒரே ஒரு கேள்வி. உங்க பொண்ணு எங்க பொறந்துச்சு?"

குமரேசன் முகம் மலர்ந்தது. "புத்தூர்லம்மா. எங்க வூட்டுக்காரம்மாவுக்கு அம்மா வூடு அங்கதான். தலைப்பிரசவமாச்சே."

"எப்ப கூட்டிக்கினு வந்தீங்க?"

"இப்பதான், போன மாசம்."

"அப்ப எங்க கணக்குல உங்க பொண்ணு ஆந்திராவுலர்ந்து குடிபெயர்ந்து வந்தவ சார்."

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அவ நல்லாப் பால் குடிக்கிறா. ஊசியெல்லாம் போட்டாச்சு. ஒரு கொறையும் இல்ல, நல்லா இருக்கட்டும். அவ நல்லா இருக்கறதாலதான் சூளைக்கு வண்டி வேணாம்னு நாங்க எழுதியிருக்கோம்."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. குமரேசன் திரையைப் பார்த்தார். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் தன் மகளைத் தேடுவது மாதிரி இருந்தது. "சூளைப் புள்ளைங்க இதுல எங்க இருக்காங்க?" என்றார்.

"உள்ளூர்ல சார். எங்க அண்ணன் ரெண்டாவது புள்ளையோட சேத்து."

ஸ்ரீதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒப்பிடுதல், உலக அளவு என்று ஆரம்பித்தார். குமரேசன் அறிக்கையை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டார். வண்டி எங்கும் போகாது, எப்போது எதற்கு வந்தார்கள் என்று கேட்டு மறுபடியும் எடுத்து வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார். கத்தவில்லை. அடுத்த கோப்பைக் கையில் எடுத்தார்.

படியிறங்கும்போது ஸ்ரீதர் என்னிடம் சொன்னார். "தனியாச் சொல்லியிருக்கலாம் பிரபாவதி."

"தனியாத்தான் சார் சொன்னேன். நீங்க ஒப்பந்தத்தப் பத்தி பேசினீங்க."

"மறு கணக்கெடுப்புக்கு வேற ஆள் போட்டுக்கறோம்."

"போட்டுக்குங்க. கேள்விய மட்டும் எடுத்துடாதீங்க."

சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் சூளைப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

பசந்தி இன்னும் சுடாத பச்சைக் கல்லைக் காய்வதற்குத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பையன் நிழலில் தூங்கினான். வண்டி நிற்காது, எப்போதும்போல வரும் என்று சொன்னேன். மூன்று வருஷமாக இங்கே வந்து போவதில் எங்கள் தமிழ் அவளுக்கு நன்றாகவே வரும்.

"நீ வருவியா அக்கா?"

"நான் வர மாட்டேன். புதுசா யாராச்சும் வருவாங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நடந்ததைப் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்துக்கொண்டு வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுவும் இங்கதான் பொறக்கும். இன்னா எழுதுவாங்க?"

"திருத்தணின்னு எழுதட்டும். அது நெசந்தானே? அதோட நிறுத்த வுடாத. நீ எங்கேர்ந்து வந்த, எதுக்கு வந்த, எப்ப திரும்பிப் போவே, எல்லாத்தையும் கேக்கணும்."

"கேக்கலன்னா?"

"கேக்குற வரைக்கும் வண்டிய வுட்டு எறங்காத."