கண்மலர்

பிறந்த மூன்றாம் நாள் பிள்ளையின் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. விலக்கினால் மஞ்சளாகச் சீழ் வழிந்தது. "சூட்டுக்கண்ணு. தாய்ப்பாலைப் பீச்சி விடு, சரியாப் போயிரும்," என்றாள் மருத்துவச்சி மலையம்மாள். தங்கப்பொண்ணு வேளை தவறாமல் விட்டாள்.

வாசலில் நின்ற அவள் புருஷன் வீரணன் எட்டிப் பார்த்தான். அந்த மஞ்சளை அவன் முன்பே பார்த்திருக்கிறான், தன் வேட்டியில்.

போன வருஷம் மதுரைக்கு நெல் வண்டி ஓட்டிப் போனபோது தாசி வீட்டில் வாங்கிவந்த வெட்டை நோய் அது. ஒன்றுக்குப் போனால் நெருப்பாய் எரிந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பேச்சிமுத்து பார்த்ததுமே கண்டுகொண்டார். "உம் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வாப்பா. பொம்பளைக்கு வெளிய தெரியாது, உள்ள இருக்கும். பிள்ளை பொறந்தா அன்னைக்கே கண்ணுல சொட்டு மருந்து விடணும். இல்லேன்னா கண்ணு போயிரும்."

வீரணன் தலையை ஆட்டினான். தலையாட்ட யாருக்குத்தான் தெரியாது? சீழ் நின்றதும் மருந்தை நிறுத்தினான், வாயையும் மூடிக்கொண்டான். தங்கப்பொண்ணு வெள்ளைப்படுகிறது என்று சொன்னபோது, "சூடுதான், வெந்தயம் ஊறவச்சுக் குடி" என்றவனும் அவன்தான்.

இப்போது சொன்னால்? ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தீட்டுக் கழியாமல் பச்சைப் பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்றாள் மலையம்மாள். அந்தப் பேச்சுக்குள் போய் ஒளிந்துகொண்டான், கோழைப்பயல்.

ஏழாம் நாள் கருவிழி வெளுத்தது. அன்றைக்குத்தான், தீட்டாவது ஒன்றாவது என்று வண்டி பூட்டினான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஓட்டம். திருவாதவூரிலிருந்து ஆஸ்பத்திரி வரை மாடுகளை அடித்துக்கொண்டே போனான்.

டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தங்கப்பொண்ணைப் பிள்ளையோடு வெளியே உட்காரச் சொன்னாள். "ரெண்டு கண்ணும் போச்சு. பொறந்த அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். உங்க ரெண்டு பேருக்கும் வைத்தியம் பாக்கணும். என்ன சீக்குன்னு உனக்குத் தெரியும்ல? அவகிட்ட நீயே சொல்லு."

திரும்பும் வழியில் தங்கப்பொண்ணு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "எம் பாலுதான் மச்சான். எம் பாலுச் சூடுதான் பிள்ளை கண்ணை அவிச்சிருச்சு. இனி இதைக் குடுக்க மாட்டேன்." பசியில் வீறிட்ட பிள்ளையை மார்பிலிருந்து விலக்கி வைத்தாள்.

சொல்ல வாயெடுத்தான். "மாரியாத்தாளுக்கு வெள்ளியில கண்மலர் சாத்துவோம்," என்றான்.

"ரெண்டு சோடியாச் சாத்துவோம் மச்சான்," என்றாள் அவள். "நான் செஞ்ச பாவத்துக்கும் சேத்து."