போகிற அம்மன்

அந்தக் கடையில் அம்மன் படம் இரண்டு விதமாக விற்றது. ஒன்று வருகிற அம்மன், மற்றது போகிற அம்மன். இரண்டிலும் அதே கழுதை, கையில் அதே துடைப்பம், இடுப்பில் அதே தண்ணீர்க்குடம். வருகிற அம்மனின் கழுதை நம் முகத்தைப் பார்த்து நிற்கும். அவள் உடம்பு முழுக்கச் செக்கச்செவேல் என்று பொட்டுகள். போகிற அம்மனின் கழுதை முதுகைக் காட்டி நடக்கும். பொட்டுகள் காய்ந்து பழுப்பாகியிருக்கும். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் ஜனங்கள் முதல் படத்தை வாங்கிப் போய் மாட்டுவார்கள். இறங்கிவிட்டது என்று தோன்றினால் இரண்டாவதை வாங்கி அதன் மேலேயே மாட்டுவார்கள். ஒரு நோய்க்கு இரண்டு வியாபாரம். இந்தச் சூட்சுமம் படக்காரனின் அக்காவுடையது. அவன் கைதான் வரைந்தது என்றாலும் கடை ஓடியது அவள் வாயில்.

படக்காரனின் மனைவிக்குப் பொட்டு வைக்கிற வேலை. தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைச் சாயத்தில் தொட்டுத் தொட்டு வைப்பாள். பொட்டுக்காரி என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. சிவப்பில் எவ்வளவு கறுப்பு சேர்ந்தால் அந்தப் போகிற பழுப்பு வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

அவள் மகளுக்கே தட்டம்மை வந்தது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த பிள்ளை. படக்காரன் புதுசாக ஒரு வருகிற அம்மனை எடுத்துக் கட்டிலுக்கு மேலே மாட்டினான்.

"நம்ம வீட்டுக்கு மட்டும் ஓசியா வந்திருக்கா," என்று நாத்தனார் சிரித்தாள்.

பொட்டுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம். கண்ணையே திறக்க மாட்டேங்கிறா. ஜன்னலைத் திறந்தா கத்துறா."

படக்காரன் அக்காவைப் பார்த்தான். தாகம் எடுத்தால்கூட அவளைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கிற ஆள்.

"போ, தாராளமா போ," என்றாள் நாத்தனார். "போறப்போ கடைப் பலகையையும் கழட்டி எடைக்குப் போட்டுட்டுப் போ. அம்மனை வரையறவன் பிள்ளையே ஊசி போட்டுக்குதுன்னு தெரிஞ்சா எவ வந்து வாங்குவா? உன் பிள்ளைக்கு மட்டும்தான் உலகத்துல அம்மை போட்டிருக்கா?"

"கண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா, அண்ணி?"

"வாயைக் கழுவு."

ஆனாலும் அவள் போகத்தான் முடிவு செய்திருந்தாள். மறுநாள் காலையில் நாத்தனார் கடையைத் திறக்கப் போனதும் பிள்ளையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று போர்வையைக்கூட மடித்துக் கதவோரம் வைத்துவிட்டாள். காலையில் சட்டை மாற்றும்போதுதான் பார்த்தாள். பிள்ளையின் நெஞ்சிலும் கழுத்திலும் பொட்டெல்லாம் சிவப்பு போய்ப் பழுத்திருந்தது. அவள் கிண்ணத்தில் கலக்குகிற அதே பழுப்பு. ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"போயிட்டிருக்கா," என்றாள்.

அதைச் சொன்னது நாத்தனாரும் இல்லை, கணவனும் இல்லை, அவளேதான். நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது போல இருந்தது அவளுக்கு. போர்வையை எடுத்துப் பிள்ளைமேல் போர்த்திவிட்டு, பாதியில் நின்ற படங்களுக்குப் பொட்டு வைக்க உட்கார்ந்தாள். படக்காரன் போகிற அம்மனைக் கொண்டுவந்து மாட்டினான். பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்ததை அசதித் தூக்கம் என்று நினைத்தார்கள்.

திறந்தபோது இடக்கண்ணில் பூ விழுந்திருந்தது.

அப்புறம் யாரையும் கேட்காமல் ஓடினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். வலக்கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார். இடக்கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கேட்டார்: "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க?"

"பொட்டு பழுத்துடுச்சுங்க. அதான், போயிடுச்சுன்னு..."

"பழுத்தா போயிடுச்சுன்னு யாரு சொன்னா? தடிப்பு காயற நேரத்துலதான் கண்ணையும் நெஞ்சையும் பார்த்துக்கணும்."

"யாரும் சொல்லலைங்க," என்றாள் பொட்டுக்காரி. பொய் இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை. அவள் வரைந்ததை அவளே நம்பினாள்.

நாத்தனார் முதலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நாள் கழித்து அழுகை வேறு வழியில் திரும்பியது. "அம்மன் எங்க பிள்ளையோட உயிரை விட்டுட்டு ஒரே ஒரு கண்ணை எடுத்துக்கிட்டுப் போனா," என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டவர்கள் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி முளைத்தது. பள்ளிக்கூடத்தில் குருட்டுக்கண்ணி என்கிறார்கள் என்று அழுதுகொண்டிருந்த பிள்ளைக்கு அந்த முக்காலி பிடித்துப்போனது. அங்கே யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, மிட்டாய்தான் கொடுத்தார்கள். படக்காரன் போகிற அம்மனின் பக்கத்தில் ஒற்றைக்கண் சிறுமி ஒருத்தியைச் சேர்த்து வரைந்தான். அது சுடச்சுடப் போயிற்று.

"அவளை அங்க உட்கார வைக்காதீங்கன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க," என்றாள் பொட்டுக்காரி.

"சந்தோஷமாத்தானே இருக்கா," என்றான் அவன், தூரிகையைக் கழுவிக்கொண்டே.

ஒரு நாள் மத்தியானம் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு கடையேறி வந்தாள். "போற அம்மன் ஒண்ணு குடுங்கக்கா. எல்லாம் பழுத்துடுச்சு."

உள்ளே பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "பிள்ளை முகத்தை இப்படித் திருப்பும்மா." அந்தக் குழந்தை இமையை இறுக்கிக்கொண்டு முனகியது. "படம் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. கண்ணு கெட்டுடும்."

வந்தவளின் முகம் மாறிவிட்டது. "நல்லது கேட்டு வந்தா இப்படியா சொல்லுவீங்க?"

"அவ அப்படித்தாம்மா," என்றாள் நாத்தனார். "பிள்ளைக்கு ஆனதுலேருந்து புத்தி ஒரு நிலையில இல்ல."

"நான் சொல்றதைக் கேளும்மா..."

அதற்குள் முக்காலியிலிருந்து மகள் இறங்கி வந்தாள். முகத்தைத் தூக்கி, பூ விழுந்த கண்ணை நன்றாகத் தெரியும்படி காட்டி, அத்தையின் குரலிலேயே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "பயப்படாதீங்கக்கா. எனக்கும் இப்படித்தான் பழுத்துச்சு. அம்மன் என்னை விட்டுட்டுப் போயிட்டா, பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்?"

வந்தவளின் கண் நிறைந்துவிட்டது. சிறுமியின் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

"என் தங்கம்," என்றாள் நாத்தனார்.

பிள்ளை அத்தையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "சரியாச் சொன்னேனாம்மா?" என்று கேட்டாள்.

பொட்டுக்காரி தெருவில் இறங்கி ஓடினாள். "ஏம்மா, நில்லும்மா!" கூப்பிட்டது காதில் விழுந்ததும் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். படத்தால் குழந்தையின் முகத்தை மறைத்துக்கொண்டு எட்டி நடைபோட்டாள்.